ஒற்றியூரின் கணக்கேடு

ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை வழியாக எண்ணூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் முதன்மையான காட்சி எதுவென்று தெரியும். துறைமுகத்துக்குள் நுழையும் முறைக்காகக் காத்துக்கிடக்கும் சரக்குப்பெட்டக வண்டிகளின் வரிசை. ஒருபுறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கற்கள். மறுபுறம் பழைய தொழிற்சாலைகளின் மதில்கள். இந்த இரைச்சலிலிருந்து சில நிமிட நடையில், திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் உட்பிராகாரத்தில் நின்றால், வடசென்னையின் மிகப்பழைய நிதி அலுவலகத்தில் நிற்கிறோம் என்று நான் சொல்வேன். இது மிகையல்ல. அந்தச் சுவர்களில் வெட்டப்பட்டிருப்பவற்றில் பெரும்பகுதி தோத்திரம் அல்ல, கணக்கு. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், யாரிடம் ஒப்படைத்தார், அவர்கள் தவறினால் என்ன செய்வது என்பதுதான் அங்கே திரும்பத் திரும்ப வருவது.

ஊரின் பெயரே பணத்தின் மொழியில் அமைந்தது. ஒற்றி என்றால் அடைமானம். இன்றும் பத்திரப்பதிவில் ‘போக்கியம், ஒற்றி’ என்று எழுதுகிறோம். தலபுராணம் பெயருக்கு வேறு விளக்கம் சொல்லும். அது இருக்கட்டும். அடைமானத்தைப் பெயரில் சுமக்கும் ஓர் ஊரில் கடனும் வட்டியும் வாக்குறுதியும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளாகக் குவிந்திருப்பது படிப்பவருக்கு ஒரு சிறிய புன்னகையைத் தராமல் போகாது.

இன்று ஓர் ஆவணக் காப்பகமோ கலைச் சேகரமோ நடத்துபவர்களிடம் பேசினால், அவர்கள் நாளில் பாதி நிதி திரட்டுவதிலேயே போகிறது என்பார்கள். புரவலரைத் தேட வேண்டும். கொடுத்தவரை மறக்காமல் நினைவுகூர வேண்டும். கொடுத்த பணம் கொடுத்த நோக்கத்துக்கே போனது என்று காட்ட வேண்டும். இதை ஏதோ மேல்நாட்டு நிர்வாகக் கல்வி கற்றுத்தந்த கலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒற்றியூரின் சுவர் வேறு கதை சொல்கிறது.

முதலில் அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதைப் பார்க்கலாம். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும். எண்ணெய் வாங்கக் காசு கொடுத்தால் காசு தீர்ந்ததும் விளக்கும் அணைந்துவிடும். ஆகவே சோழர் காலத்துக் கொடையாளி ஆடு கொடுத்தார். ஒரு விளக்குக்குப் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை ஓர் இடையர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு சாகத்தான் செய்யும். ஆனால் ஈனும் குட்டிகளைக் கொண்டு இடையர் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கணக்கில் அது எப்போதும் 96. இன்றைய அறக்கட்டளைக்காரர்கள் ‘முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடுவது’ என்று நீட்டி முழக்கிச் சொல்வதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

பொன்னாகக் கொடுத்தவர்களும் உண்டு. பல்லவ அபராசிதன் காலத்து (ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி) ஒற்றியூர்க் கல்வெட்டுகளில் இந்த முறை தெளிவாகத் தெரிகிறது. பொன் கோயிலின் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படுவதில்லை. சுற்றுவட்ட ஊர் ஒன்றின் சபையாரோ ஊராரோ அதைப் பெற்றுக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் வட்டி செலுத்துகிறார்கள். வட்டிக்கு அக்காலப் பெயர் பொலிசை. கழஞ்சு ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பதால் நூற்றுக்குப் பதினைந்து. 30 கழஞ்சு வைத்தால் ஆண்டுக்கு நாலரைக் கழஞ்சு வந்துகொண்டே இருக்கும். கோயிலுக்கு விளக்கு, ஊருக்கு முதலீடு. ஏரி வெட்டவோ தரிசைத் திருத்தவோ பொன் தேவைப்பட்ட ஊருக்குக் கோயில் வங்கியாக நின்றது. ஆனால் 15 விழுக்காடு சிறிய வட்டியல்ல. மழை பொய்த்த ஆண்டில் அந்த ஊர் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசிக்காமல், ‘அந்தக் காலத்து அறம்’ என்று மட்டும் பேசி நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடன் கொடுத்தவர்கள் ஏமாளிகளும் அல்லர். ஊரார் தவறினால் தண்டம் உண்டு. வேறொன்றும் உண்டு, அதுதான் என்னை அதிகம் ஈர்ப்பது. அக்காலக் கல்வெட்டுகளின் முடிவில் ஒரு வாய்பாடு வரும்: இந்தத் தருமத்தைப் பின்னாளில் காப்பவர்களின் பாதம் என் தலைமேல் என்று கொடையாளி சொல்வார். கெடுப்பவர்களுக்குக் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்டோர் செய்த பாவமெல்லாம் சேரும். சாபத்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பணிவைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. பணம் கொடுத்தவர், தனக்கு முகமறியாத, இன்னும் பிறக்காத ஒரு காவலரின் காலைத் தன் தலையில் தாங்குகிறார். இன்றைய கொடை உறவில் குனிபவர் பெறுபவர்தான். மண்டபத்தில் மாலையும் பொன்னாடையும் கொடுப்பவருக்கே. அங்கே கொடுத்தவர் குனிகிறார். தன் பொன்னைவிடப் பின்னால் வரப்போகும் ஒருவரின் நாணயம்தான் பெரிது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி வல்லபனின் கதைக்கு வருகிறேன். ஒற்றியூரைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான்.

வல்லபன் கேரள நாட்டவர். கல்வி கற்றுத் தேர்ந்தபின் சோழ நாட்டுக்கு வந்து, முதற்பராந்தகனின் மகன் இராசாதித்தனிடம் நெருக்கமான படைத்துணையானார். இராசாதித்தன் அப்போது வடக்கிலிருந்து வரும் இராட்டிரகூடரை எதிர்நோக்கித் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கியிருந்தான். பெண்ணையாற்றங்கரைக் கிராமம் என்னும் ஊரின் கோயிலைக் கட்டிய சேனாபதி வெள்ளன் குமரனும் கேரளத்தவரே. அவரும் இந்த வல்லபனும் ஒருவரே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 949இல் தக்கோலத்தில் போர் நடந்தது. இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். சோழப் பேரரசின் முதல் எழுச்சி அன்றோடு முடிந்தது.

அன்று வல்லபன் போர்க்களத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கல்வெட்டு விரிக்கவில்லை. தலைவனோடு சேர்ந்து சாகும் பேறு தனக்கு வாய்க்கவில்லை, தன் குலத்துக்கும் தன் தலைவனுக்கும் தகாததைச் செய்துவிட்டேன் என்ற துயரம் மட்டுமே பதிவாகியிருக்கிறது. உலக வாழ்வை வெறுத்த அவர் கங்கைக்குப் போய் நீராடினார். பின் தெற்கே திரும்பி ஒற்றியூருக்கு வந்தார். இங்கே ஒரு குகையில் வாழ்ந்த நிரஞ்சனகுருவிடம் துறவு பெற்றுச் சதுரானனர் என்ற பெயருடன் மடத்தின் தலைவரானார். இத்தனையும் அவரே வைத்த கல்வெட்டின் வடமொழிச் செய்யுள்களில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் மன்னர்களின் வெற்றிகள் மலிந்துகிடக்கின்றன. ஒரு மனிதன் தான் தவறிய இடத்தைத் தானே கல்லில் வெட்டிவைப்பது மிக அரிது.

அந்தக் கல்வெட்டு எதற்காக வைக்கப்பட்டது? கொடைக்காகத்தான். சதுரானனர் 100 நிஷ்கம் பொன்னை நரசிம்மமங்கலத்துச் சபையாரிடம் ஒப்படைக்கிறார். அதன் வட்டியைக் கொண்டு, மாதந்தோறும் தான் பிறந்த அவிட்ட நாளில் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடக்க வேண்டும். மடத்துக்கும் கோயிலுக்கும் பொருள் திரட்ட வேண்டிய பொறுப்பிலிருந்தவர் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொள்கிறார். நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்குப் பழைய அறிவுரை ஒன்று உண்டு: முதல் பக்கத்தில் உன் தொகையை எழுதிவிட்டுப் பிறகு நோட்டுப்புத்தகத்தை நீட்டு. ஊர்த்திருவிழா வசூலுக்குப் போனவர்கள் இதை அறிவார்கள்.

ஆனால் கல்வெட்டின் தலைப்பில் இருக்கும் ஆண்டைப் பார்த்தபோது நான் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அது கன்னரதேவனின் இருபதாம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 959. கன்னரதேவன் என்பது இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன். தக்கோலத்தில் இராசாதித்தனைக் கொன்ற படையின் மன்னன். ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்ற பட்டத்தோடு தொண்டைமண்டலத்துக் கல்வெட்டுகளில் அவன் பெயர் வருகிறது. தன் தலைவனுக்காகச் சாகவில்லையே என்று குமுறும் ஒருவர், அந்தக் குமுறலைத் தலைவனைக் கொன்றவனின் ஆட்சியாண்டிட்டுப் பதிவு செய்கிறார். வேறு வழியில்லை. நாட்டை ஆள்பவன் அவன்; ஆவணம் செல்லுபடியாக வேண்டுமானால் அவன் ஆண்டு வேண்டும். நிறுவனம் ஒன்றைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றவர்கள் விழுங்க வேண்டியிருக்கும் கசப்பு இதில் இருக்கிறது. எவருடைய பணம், எவருடைய பெயர் என்ற கேள்வி இன்றைய கலைநிறுவனங்களைத் துரத்துகிறது. மருந்து நிறுவனத்தின் பணத்தை அருங்காட்சியகம் வாங்கலாமா, எண்ணெய் நிறுவனத்தின் பெயரைக் கண்காட்சியில் போடலாமா என்று நியூயார்க்கிலும் இலண்டனிலும் கலைஞர்கள் போராடியதைப் படித்தபோதெல்லாம் எனக்கு இந்த ஆட்சியாண்டு நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒற்றியூர் ஏற்கெனவே வாக்குத்தவறலின் ஊர். சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணந்து, பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்து, திருவாரூர் வசந்தவிழாவின் நினைவு வந்ததும் ஊரெல்லையைத் தாண்டிக் கண்ணிழந்தார். மாசித் திருவிழாவில் மகிழடிச் சேவையாக இன்றும் அது நடத்தப்படுகிறது. வல்லபன் வந்தபோது சேக்கிழார் பிறந்திருக்கவில்லை. ஆனால் சுந்தரரின் பதிகங்கள் இருந்தன. இராசாதித்தன் படையோடு தங்கிய நாடு சுந்தரர் பிறந்த திருநாவலூரைத் தன்னுள் கொண்டது. அங்கிருந்து புறப்பட்ட ஒருவர், சொன்ன சொல் தவறியவர் கண்ணிழந்த ஊரைத் தேடிவந்து தங்கியது தற்செயல்தானா என்று எனக்கு ஐயம். நிரூபிக்க முடியாத ஐயம்தான். வாசகர்கள் ஒதுக்கிவிடலாம்.

சதுரானனர் என்பது பிறகு மடத்தலைவர்களின் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. சோழர் மீண்டார்கள். முதலாம் இராசேந்திரன் காலத்தில் (1014–1044) அன்றைய சதுரானன பண்டிதர் கருவறை விமானத்தைக் கருங்கல்லில் எடுப்பித்தார். யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாடம் அது. அதைக் கட்டிய சிற்பியின் பெயரும் கிடைக்கிறது: இரவி என்னும் வீரசோழத் தச்சன். தஞ்சைப் பெரியகோயிலின் தச்சன் குஞ்சரமல்லன் பெயர் பலருக்குத் தெரியும். நம் வடசென்னைத் தச்சனின் பெயர் தெரியாது. பணம் தந்தவரின் பெயர் கல்லேறுவது வழக்கம். கைவேலை செய்தவரின் பெயரும் ஏறியிருப்பது மடத்தின் பெருந்தன்மையாக இருக்கலாம், தச்சனின் செல்வாக்காகவும் இருக்கலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்திரத்துக்கு இங்கே வந்து, ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம், அதாவது சுந்தரர் கதை, வாசிக்கப்படுவதைக் கேட்டான். உடனிருந்தவர்களில் அக்காலத்துச் சதுரானன பண்டிதரும் சோமசித்தாந்தம் உரைத்த வாகீச பண்டிதரும் உண்டு. புரவலனை அழைத்துவந்து, அவன் பணம் எதை உயிரோடு வைத்திருக்கிறது என்று காதால் கேட்கச் செய்வது. இதைவிடச் சிறந்த கொடையாளர் கூட்டம் எப்படி இருக்க முடியும்?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த வியாகரணதான வியாக்கியான மண்டபத்துக்கு 65 வேலி நிலம் விடப்பட்டது. பாணினிக்கு இறைவன் இலக்கணம் அருளிய இடம் என்று நம்பப்பட்ட மண்டபம் அது. ஏறக்குறைய 400 ஏக்கர் நிலத்தின் வருவாயில் ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கணம் பயின்றார்கள். ஆடலும் பாடலும் இப்படியே தாங்கப்பட்டன. அதில் உரசலும் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில், சம்புவராயர் காலத்திலும் தொடர்ந்து விசயநகரக் கம்பணர் காலத்திலும், பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் ஆகியோரிடையே எந்தப் பணியை யார் எந்த வரிசையில் செய்வது என்று நீண்ட தகராறு நடந்து, அதைத் தீர்த்துவைத்த முடிவுகளும் கல்லில் ஏறின. கலைக்குக் கொடுத்த பணம் கலைஞர்களிடையே எப்படிப் பங்காகும் என்ற பூசல் அன்றும் ஓயவில்லை.

இந்த ஆவணங்களை அரசின் கல்வெட்டுத்துறை 1911, 1912ஆம் ஆண்டுகளில் பெருமளவில் படியெடுத்தது. இல்லையென்றால் இக்கட்டுரையே இல்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் திருப்பணியின் பெயரால் எழுத்துகள் சிமெண்டுக்குள்ளும் சுண்ணாம்புக்குள்ளும் மறைந்திருக்கின்றன. புதிய கொடையாளியின் பெயரைச் சலவைக்கல்லில் பதிக்கப் பழைய கொடையாளியின் பெயரை மூடுவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது.

கல் போய்க் காகிதம் வந்த காலத்தில் என்ன ஆயிற்று? 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்ற உ.வே.சாமிநாதையர் கைக்கொண்ட வழி கையொப்பம். அன்பர்களிடம் முன்கூட்டியே கையெழுத்தும் பணமும் பெற்று அச்சுக்கூடத்துக்குக் கட்டுவது. உதவியவர்களின் பெயர்களை முகவுரையில் நன்றியோடு குறிப்பது அவர் வழக்கம். அந்த முகவுரைகளைக் கல்வெட்டுகளின் தொடர்ச்சியாகவே நான் வாசிக்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அச்சாகும் நூலுக்குப் பணம் கொடுத்தவர் கையில் ஒரு படி வந்துசேரும். சேர்த்துவைத்த ஏடுகளைப் பாதுகாக்கக் கொடுப்பவருக்கு எதுவும் வராது. ஐயர் மறைந்தபின் அவருடைய ஏடுகள் சிதறாமல் நூலகமாக நிலைபெற 1943இல் ருக்மிணிதேவி அருண்டேல் முன்வர வேண்டியிருந்தது. மறைமலையடிகள் 1950இல் மறைந்தபோது விட்டுச்சென்ற சுமார் 4,000 நூல்கள், 1958இல்தான் துறைமுகத்துக்கு அருகே லிங்கிச் செட்டித் தெருவில், சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தாரின் முயற்சியால் பொதுநூலகமாயின. பின்னாளில் அது கன்னிமாரா வளாகத்துக்குப் போனது. கப்பல் முகவர்களும் இரும்பு வணிகர்களும் நிறைந்த பகுதியில் ஐம்பது ஆண்டுக்காலம் அந்நூலகம் ஆய்வாளர்களை வரவழைத்தது என்பதே வியப்புதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதை இன்னும் கூர்மையானது. அவர் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கிலிருந்து நூல்கள், இதழ்கள் மட்டுமன்றி நாடக நோட்டீசு, திரைப்பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் குப்பையில் போடுபவற்றையும் சேர்த்தார். எழுத்தின் வடிவத்தைத் தொழிலாகக் கொண்டவரின் கண்ணுக்கு நோட்டீசும் கலைப்பொருள்தான். 1992இல் அவர் மறைந்தபோது சேகரம் சுமார் ஒரு லட்சம் உருப்படிகளை எட்டியிருந்தது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடமிருந்து அதை விலைக்கு வாங்கியது. வாங்கியதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே வைத்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக்கி, நுண்படம் எடுக்கவும் அட்டவணை தயாரிக்கவும் அமெரிக்க அரசின் மானுடவியல் நல்கையைப் பெற்றுத் தந்தது. முகப்பேரில் தொடங்கி இப்போது தரமணியில் இயங்குகிறது. வெளிநாட்டார் வாங்கிவிட்டார்களே என்று அப்போது வருந்தியவர்கள் பலர். அதற்கு முன்பு அந்த நாற்பது ஆண்டுகளில் தமிழ்ச் செல்வந்தர் எவரும் அதற்கு ‘சாவா மூவாப் பேராடு’ கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே வருந்த வேண்டும். செட்டிநாட்டின் நடுவில், கோயில் திருப்பணிக்குக் கோடியாய்க் கொட்டிய ஊர்களின் நடுவில் இருந்தது அந்த வீடு.

காரணம் கஞ்சத்தனம் அல்ல என்றே நினைக்கிறேன். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும். அட்டவணை தயாராவது தெரியாது. பூச்சி அரிக்காத ஓர் இதழ், அரிக்காமல் இருப்பதாலேயே யார் கண்ணிலும் படாது. ஒற்றியூரின் மடத்தார் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள்: பணத்தைத் துண்டுதுண்டாக, பெயரிட்ட செயல்களாக்கிக் கேட்டார்கள். ஒரு விளக்கு, ஒரு நாள் பூசை, ஒருவரின் பிறந்த நட்சத்திரம். ஈழத்து நண்பர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததன் காயத்தோடு வளர்ந்தவர்கள், உலகெங்கும் சிதறிய தமிழரிடமிருந்து சிறுதொகைகளாகத் திரட்டி, நூல் நூலாக மின்வடிவமாக்கினார்கள். மன்னரின் 65 வேலி அவர்களுக்கு இல்லை; தொண்ணூறு ஆடுகளின் கணக்கு இருந்தது.

சென்ற முறை ஒற்றியூர் போனபோது உட்பிராகாரத்தில் ஒருவர் எண்ணெய்ப்பிசுக்குப் படிந்த கல்லில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். விளக்குக்குப் பின்னால் எழுத்துகள் இருந்தன. விரலால் தடவிப் படிக்க முயன்றேன். ‘பொன்’ என்ற சொல்லும், ‘விளக்கொன்று’ என்பதும் பிடிபட்டன. அடுத்த வரியில், கொடுத்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மின்கம்பி ஓட்டுவதற்காக ஆணி அடித்திருந்தார்கள்.